உடலற்ற குரல், குரலற்ற உடல்: ஹவுஸ், டெக்னோ இசையின் இன்றைய நிலை குறித்துச் சில குறிப்புகள்

ஓர் இசை வகையின் பெயருக்கு முன்னால் ‘சோல்ஃபுல்’ என்கிற அடைமொழி வந்து உட்காரும்போதே சந்தேகப்படத் தோன்றுகிறது. கடைக்காரர் ‘சுத்தமான பசும்பால்’ என்று போர்டு மாட்டிய பிறகுதான் நமக்குத் தண்ணீர் ஞாபகம் வருகிறது, அந்த மாதிரி. ‘சோல்ஃபுல் ஹவுஸ்’ என்று தனியே ஒன்று உண்டென்றால் மற்ற ஹவுஸ் எல்லாம் என்னவாம்? உயிர் இல்லாததா? 1980களின் நடுவில் சிகாகோவில் இந்த இசையைக் கண்டெடுத்தவர்களுக்கு இப்படியொரு உட்பிரிவு தேவைப்படவில்லை. இன்று டிராக்ஸ்சோர்ஸ் போன்ற இணைய இசைக்கடைகளில் அது ஓர் அலமாரி. அந்த அலமாரியில் என்ன இருக்கும் என்பதைப் பெரும்பாலும் கேட்காமலேயே சொல்லிவிடலாம்: தேவாலயப் பாடல்குழுவில் பழகிய ஒரு பெண்குரல், மெத்தென்ற ரோட்ஸ் பியானோ, நடுவில் கொஞ்சம் சாக்ஸபோன் அல்லது கிதார், நிமிடத்துக்கு 122 அடி, அன்பும் ஒற்றுமையும் விடுதலையும் பற்றி நான்கு வரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒலிப்பதிவு துல்லியமாக இருக்கிறது, பாடுகிறவர்களுக்குச் சுருதி விலகுவதில்லை. ஆனால் நாலாவது பாட்டுக்கு மேல் எது எந்தப் பாட்டு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மறுபக்கம் டெக்னோ. பெருந்தொற்றுக் காலத்தில் மூடிய நடனக்கூடங்கள் திறந்ததிலிருந்து ‘ஹார்டு டெக்னோ’ என்ற பெயரில் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. 150 அடி இப்போது சாதாரணம். கைபேசியில் பதினைந்து வினாடிக்குப் படமெடுத்துப் போட ஏதுவாக, சத்தம் நின்று மறுபடி இடிபோல் இறங்கும் அந்த ஒரு நொடிக்காகவே மொத்தப் பாட்டும் கட்டப்படுகிறது. இங்கே குரலே இல்லை, அல்லது மிரட்டுவதற்கு மட்டும் ஒரு வாக்கியம் வந்துபோகிறது.

இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று மதிப்பதில்லை. சோல்ஃபுல் ஆட்களுக்கு டெக்னோ வெறும் இரைச்சல். டெக்னோ ஆட்களுக்கு மற்றது ஹோட்டல் வரவேற்பறை சங்கீதம். இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்பதும், இரண்டுக்கும் ஒரே வியாதிதான் என்பதும் என் கட்சி. ஒரு காலத்தில் பிரிக்கவே முடியாதிருந்த ஒன்றைப் பிரித்து, ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

‘சோல்’ என்பதைத் தமிழில் என்னவென்று எழுதுவது? ஆன்மா என்றால் உடனே விபூதி வாசனை வந்துவிடுகிறது. உடம்பை உதறிவிட்டு மேலே போகிற சமாச்சாரம் அது. அமெரிக்கக் கறுப்பர்களின் பேச்சில் இந்தச் சொல் சாப்பாட்டுக்கும் நடையுடைக்கும் இசைக்கும் சேர்த்தே புழங்கிற்று. தேவாலயத்தில் கற்ற பாட்டுமுறையை உடல்சார்ந்த காதலுக்குத் திருப்பியதில் இருந்துதான் சோல் இசையே வந்தது. ரே சார்ல்ஸ் 1950களில் இதைச் செய்தபோது தெய்வ நிந்தனை என்று கோபித்தவர்கள் உண்டு. ஆகவே ‘உயிர்’ என்றே வைத்துக்கொள்கிறேன். நம் இலக்கணத்தில் மெய் தானாக இயங்குவதில்லை, உயிர் ஏறினால்தான் இயங்கும். ஏறிய பிறகு ‘க’ என்ற எழுத்தில் அகரம் எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு என்றால் யாராலும் காட்ட முடியாது. அதற்கென்று தனிக் கோடோ கொம்போ கிடையாது. நன்னூல் படித்த காலத்தில் வெறும் எழுத்துக் கணக்காகத் தெரிந்த இந்த உயிர்மெய் விவகாரம், ஹவுஸ் கேட்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வேறு மாதிரி அர்த்தமாயிற்று.

லாரி ஹேர்ட் ‘மிஸ்டர் ஃபிங்கர்ஸ்’ என்ற பெயரில் 1986இல் வெளியிட்ட ‘கேன் யூ ஃபீல் இட்’டை எடுத்துக்கொள்வோம். குரல் கிடையாது. ஒரு சின்தசைசர், ஒரு டிரம் மெஷின், அவ்வளவுதான். பேஸ் கீழே தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க, மேலே ஒரு நீண்ட ஸ்வரக்கட்டு கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரித் தொங்குகிறது, சொட்டிக்கொண்டே இருக்கிறது, காய்வதே இல்லை. எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாத இசை. ஹேர்ட் அதற்கு முன் இசைக்குழுக்களில் டிரம் வாசித்தவர். மனிதக் கை எங்கே பிந்தும், எங்கே முந்தும் என்று தெரிந்தவர். அப்படிப்பட்டவர் மெஷினை மனிதக் கைபோல ஒலிக்க வைக்க முயலவில்லை என்பதுதான் முக்கியம். மெஷினை மெஷினாகவே விட்டுவிட்டு அதன் பக்கத்தில் துக்கத்தை வைத்தார். பின்னால் இதே இசையின் மேல் ஒரு பிரசங்கப் பேச்சை ஏற்றினார்கள், மார்ட்டின் லூதர் கிங்கின் உரையை ஏற்றிய பதிப்பும் வந்தது. கூட்டத்தில் கேட்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சுகள் ஏற்கெனவே எழுதியிருக்கிற உயிர்மெய்க்குப் பக்கத்தில் இன்னொரு அகரத்தை எழுதி வைத்த மாதிரிதான்.

இந்த மெஷின்கள் எப்படி அவர்கள் கைக்கு வந்தன என்பதை இங்கே கொஞ்சம் பார்க்க வேண்டும். ரோலண்ட் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் டி.பி.303 என்றொரு சிறு பெட்டியைக் கொண்டுவந்தது. பேஸ் கிதார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்கு ஆளுக்குப் பதிலாக. அந்த வேலையை அது கேவலமாகச் செய்தது. யாரும் சீந்தவில்லை, 1984இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் சல்லிசாகக் கிடைத்த அந்தப் பெட்டியை வாங்கி, திருகக்கூடாத திருகுகளையெல்லாம் பாட்டு ஓடும்போதே திருகி, சிகாகோவின் ஃபியூச்சர் குழுவைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் செய்ததுதான் 1987இல் வந்த ‘ஆசிட் டிராக்ஸ்’. கிதாரைப்போல் ஒலிக்க முடியாமல் தோற்ற கருவி, தன் தொண்டையால் பேச ஆரம்பித்த இடம் அது. மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி அதை முதல்தடவை போட்டபோது ஆடுகிறவர்கள் விலகிப் போனார்கள் என்றும், அதே இரவில் நான்காவது தடவை போட்டபோது கூடம் வெறிபிடித்து ஆடியது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதையில் மிகை இருக்கலாம். ஆனால் ஹவுஸ் எங்கே உருவாயிற்று என்பதைச் சரியாகச் சொல்லும் கதை: ஸ்டூடியோவில் பாதி, கூடத்தில் பாதி.

(இதே 303ஐயும் 808ஐயும் வைத்துக்கொண்டு பம்பாயில் சரண்ஜித் சிங் 1982இலேயே பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு போட்டார். 2010இல் அது மறுபதிப்பாக வந்ததும் ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்ததே நாம்தான்’ என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. புஷ்பக விமானம் விட்ட பரம்பரையல்லவா. தட்டு அபாரமானது, ஒலியில் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒற்றுமையும் இருக்கிறது. ஆனால் அந்த ஒலிக்காகக் காத்திருந்த கூடம் இங்கே இல்லை. அதைப் போட்டு ஆடி, நிராகரித்து, மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிற கூட்டம் இல்லாதபோது அது ஒரு தனி மனிதரின் அற்புதமாக நின்றுபோயிற்று. இதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை.)

அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார்? 1979 ஜூலை 12ஆம் தேதி சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு இடையில், ஒரு வானொலி அறிவிப்பாளரின் தலைமையில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. வெறும் இசை ரசனைச் சண்டை என்று அதைச் சொல்ல முடியாது. டிஸ்கோ என்றால் கறுப்பர், லத்தீனோ, தற்பால் விருப்பினர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரிய கம்பெனிகள் அதற்குப் பின் இந்த இசையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டன. அதே ஊரில் தெற்கு ஜெஃபர்சன் தெருவில் 206ஆம் எண் கட்டிடத்தில் ‘வேர்ஹவுஸ்’ கிளப் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிராங்கி நக்கிள்ஸ் பழைய தட்டுகளை வெட்டி ஒட்டி, நீட்டி, அடியில் டிரம் மெஷினைச் சேர்த்துப் போட்டார். புதுத் தட்டுகள் வருவது குறைந்ததால்தான் பிள்ளைகள் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். வெளியில் வேலையில்லை, வீட்டில் இடமில்லை, தேவாலயத்தில் பாவி. இந்த மூன்று வாசலும் அடைத்தவர்களுக்கு சனிக்கிழமை இரவுக் கூடம்தான் தேவாலயமாயிற்று. 1980களின் பிற்பாதியில் எய்ட்ஸ் அந்தக் கூடங்களையெல்லாம் வாரிக்கொண்டு போனது. நியூயார்க்கில் லாரி லெவான் வாசித்த பாரடைஸ் கராஜ் 1987இல் மூடியது, அதன் உரிமையாளரே அதே ஆண்டு அந்த நோயில் இறந்தார். இன்றைய சோல்ஃபுல் பாடல்களில் விடுதலை, விடுதலை என்று வருகிறதே, அதை அன்று பாடியவர்களுக்கு எதிலிருந்து விடுதலை என்று தெரியும். (206ஆம் எண் கட்டிடத்தை 2023இல் சிகாகோ மாநகராட்சி பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தது. நல்லதுதான்.)

சரி, குரலுக்கு வருவோம். குரலை உடலிலிருந்து பிரிக்கிற காரியம் எப்போது ஆரம்பித்தது என்று தேதியே சொல்லலாம். 1989இல் ‘ரைட் ஆன் டைம்’ என்ற பாட்டு பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. செய்தது பிளாக் பாக்ஸ் என்கிற இத்தாலியத் தயாரிப்பாளர் குழு. குரல் லோலியாட்டா ஹோலோவேயுடையது. 1980இல் டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்த ‘லவ் சென்சேஷன்’ பாட்டிலிருந்து உருவிய குரல். ஹோலோவே சிகாகோக்காரர், காரவன்ஸ் என்ற தேவாலய இசைக்குழுவில் பாடி வளர்ந்தவர். திரையில் வாயசைத்ததோ மெல்லிய உடம்புள்ள ஒரு விளம்பர அழகி. பாடியவர் பெயர் இல்லை, பணம் இல்லை, உடம்பும் இல்லை. வழக்கு என்று வந்ததும் வேறொரு பாடகியை வைத்துக் குரலை மாற்றிப் பதிவு செய்து விற்றார்கள். அதே குழுவின் மற்ற பாட்டுகளில் பாடிய மார்த்தா வாஷுக்கும் இதே கதி. ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’யின் 1990ஆம் வருடப் பாட்டிலும் அவருடைய குரலுக்கு வேறொரு பெண் வாயசைத்தார். பருத்த உடம்புள்ள கறுப்புப் பெண்ணின் குரல் வேண்டும், அவள் வேண்டாம். வாஷ் வழக்குகள் போட்டுத்தான் தன் குரலில் தன் பெயரை ஒட்ட வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் சொல்ல வருவது வெறும் திருட்டைப் பற்றியல்ல. திருட்டுக்குச் சட்டம் இருக்கிறது, நஷ்டஈடு இருக்கிறது. ‘உயிர்’ என்பது ஒரு சேர்மானப் பொருள், அதைத் தனியாக எடுத்து எங்கு வேண்டுமானாலும் தாளித்துக் கொட்டலாம் என்கிற நம்பிக்கை அன்று நிலைபெற்றதே, அது வேறு விஷயம். இன்று அந்த நம்பிக்கை மென்பொருளாகிவிட்டது. 2020களின் தொடக்கத்திலிருந்து டி.ஜே.க்கள் பயன்படுத்தும் செராட்டோ, வர்ச்சுவல் டி.ஜே. போன்ற மென்பொருள்களில் எந்தப் பாட்டையும் குரல், டிரம், பேஸ், மீதி என்று ஓடும்போதே நாலாகப் பிளக்கும் பொத்தான் வந்துவிட்டது. 1989இல் ஒரு ஸ்டூடியோவும் மூன்று பேரும் தேவைப்பட்ட காரியம் இப்போது ஒரு விரல் சொடுக்கு. தேவாலயக் குரல்களைத் துண்டு துண்டாக மாதச் சந்தாவுக்கு விற்கும் ஒலிக்கிடங்குகள் இருக்கின்றன. அதற்கும் அடுத்த படியாக, யாருமே பாடாத ‘சோல்ஃபுல்’ பெண்குரலை இயந்திரக் கற்றல் மென்பொருள் உமிழ்கிறது. அதைக் கேட்டுவிட்டு ‘இதில் உயிர் இல்லை’ என்று அங்கலாய்ப்பவர்கள், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்த பாட்டுகளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றில் வேறுபாடு எனக்குக் கேட்கவில்லை. மென்பொருள் கெட்டிக்காரத்தனமாகிவிட்டது என்பதைவிட, அது பின்பற்றுவதற்கு வசதியாக அந்த வகை முன்கூட்டியே வாய்ப்பாடாகிக் கிடந்தது என்பதே காரணம்.

ஃபிங்கர்ஸ் இன்கில் ராபர்ட் ஓவன்ஸ் பாடிய பாட்டுகளை இந்தப் பொத்தானில் போட்டுப் பார்த்தேன். குரல் பிரிந்து வரத்தான் செய்கிறது. தனியாகக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கிறது. ஒல்லியான, கொஞ்சம் தயங்குகிற, பெரிய தேவாலயக் கூவல் எதுவும் இல்லாத குரல். அந்த டிரம்மும் பேஸும் விட்டுக்கொடுக்காமல் போய்க்கொண்டிருக்கும்போது அவற்றின் மேல் சாய முடியாமல் அந்தக் குரல் படுகிற பாட்டில்தான் எல்லாமே இருந்திருக்கிறது. இன்றைய பாடகியருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர்களுக்கு மெத்தை விரித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் சாராம்சவாதம் என்று கத்தியைத் தூக்குவார்கள். உயிர் என்பது கறுப்பு ரத்தத்தில் இருக்கிறது என்றா சொல்கிறாய்? இல்லை. ஹவுஸ் என்றாலே பலருக்கு ஞாபகம் வரும் ஆர்கன் ஒலி ஒன்று உண்டு, ராபின் எஸ் பாடிய ‘ஷோ மீ லவ்’ பாட்டில் வருவது. அது ஜப்பானிய கோர்க் கம்பெனியின் எம்1 கருவியில் கம்பெனியே பதித்து அனுப்பிய தயார் ஒலி. அதைத் தேர்ந்தெடுத்தவர் ஸ்டோன்பிரிட்ஜ் என்கிற ஸ்வீடன்காரர், 1990களின் தொடக்கத்தில், ரீமிக்ஸ் செய்யும்போது. ஜப்பான் பொத்தான், ஸ்வீடன் விரல், அமெரிக்கக் கறுப்புப் பெண் குரல். யாருடைய ரத்தம் இதில்? ஆனால் அந்த ஆர்கன் நிஜ ஆர்கன் மாதிரி நடிக்கவில்லை. மொட்டையாக, பிளாஸ்டிக்காக, வெட்கமில்லாமல் நிற்கிறது, குரல் அதன்மேல் மோதுகிறது. இன்று அதே குரலுக்குப் பின்னால் 1970களின் இசைக்குழு ஒன்றை இம்மி பிசகாமல் போலிசெய்யும் மென்பொருள் ரோட்ஸும் மென்பொருள் வயலின்களும் வைக்கிறார்கள். 303 எதைச் செய்யத் தவறியதால் பிழைத்ததோ அதை இவை வெற்றிகரமாகச் செய்கின்றன. 2022இல் பியான்சேயின் ‘ரெனசான்ஸ்’ வந்தபோது ‘பிரேக் மை சோல்’ பாட்டில் ‘ஷோ மீ லவ்’ எழுதிய இருவரின் பெயரும் இருந்தது. தொகுப்பு முழுக்க இந்த மரபில் வந்தவர்களின் பெயர்கள் நீண்ட பட்டியலாக இருந்தன. மார்த்தா வாஷ் காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். பாட்டெழுதியவருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை பாடிய தொண்டைக்கு அதே அளவில் கிடைப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உரிமைச் சட்டத்துக்கு எழுத்துதான் சொத்து.

திரும்பத் திரும்ப வரும் தாளத்தைப் பற்றி அடோர்னோ சொன்னதை நம் சிறுபத்திரிகைகளில் அடிக்கடி எடுத்தாள்வார்கள்: எல்லாம் தரப்படுத்தப்பட்ட சரக்கு, கேட்பவரின் செவியும் தேய்ந்துவிட்டது என்று. ஹார்டு டெக்னோவுக்கு அது அப்படியே பொருந்தும், அவர் நேரில் பார்த்து எழுதியது போல. ஆனால் திரும்ப வருவது என்றாலே தேய்வு என்று கொள்வது ஐரோப்பியக் கச்சேரி மேடையில் உட்கார்ந்துகொண்டு பேசும் பேச்சு. கறுப்புக் கலாச்சாரத்தில் திரும்ப வருதல் குறித்து 1981இல் ஜேம்ஸ் ஸ்னீட் எழுதிய கட்டுரை இதைவிட நமக்கு உதவும். அங்கே திரும்ப வருவது எப்போதும் அங்கேயே இருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம், இடையில் சட்டென்று ‘வெட்டு’ விழுந்து முதலிலிருந்து தொடங்கும் என்கிறார் அவர். கூடத்தில் நடப்பது இதுதான். அடுத்து கோட்வோ எஷுன். 1998இல் வந்த அவருடைய புத்தகம் ‘சோல்’, ‘தெரு’, ‘அசல்’ என்கிற சொற்களையே தூக்கிக் கடாசியது. கறுப்பு மின்னிசை மனிதத்தன்மைக்கு ஏங்குவதில்லை, அதைத் தாண்டிப் போகிறது என்றார். சிலிர்ப்பூட்டும் வாதம். பாதி வழி அவரோடு நான் வருவேன். மெஷின் மனிதனைப் போலிசெய்ய வேண்டியதில்லை என்பது வரை. அதற்கு மேல் வரமாட்டேன். எந்த மனிதர்களை மனிதர்கள் என்றே கணக்கில் வைக்கவில்லையோ அவர்கள் மெஷினைத் தேர்ந்தெடுப்பதும், மற்றவர்கள் மெஷின்போல் ஆக ஆசைப்படுவதும் ஒன்றல்ல.

டெட்ராய்ட்டைப் பார்த்தால் இது விளங்கும். கார்த் தொழில் ஊர். 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த ஜனத்தொகை 2020இல் 6 லட்சத்து 39 ஆயிரம். பெர்ரி கார்டி கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்து, அந்த உற்பத்தி வரிசை முறையிலேயே மோட்டவுன் இசைக் கம்பெனியை நடத்தினார். அதற்கு ஒரு தலைமுறைக்குப் பிறகு அதே தொழிற்சாலைகளில் ரோபோக்கள் வந்து ஆட்களை வெளியே அனுப்பிய நேரத்தில் வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சான்டர்சன் என்ற மூன்று பேர் ரோபோவின் ஒலியிலேயே இசை செய்தார்கள். அட்கின்ஸ் ஆல்வின் டாஃப்ளரைப் படித்திருந்தார். அவர்களுடைய இசையை 1988இல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி தொகுத்துப் போட்டபோதுதான் ‘டெக்னோ’ என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. தகப்பன்மார் வேலையைப் பிடுங்கிய மெஷினைப் பிள்ளைகள் நடனமாட வைத்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கும் (மூவரும் ஓரளவு வசதியான புறநகர்ப் பள்ளியில் படித்தவர்கள் வேறு). ஆனால் டெரிக் மேயின் ‘ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்’ (1987) கேட்கும்போது அந்தப் பியானோ ஏன் அவ்வளவு பதற்றமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அதில் பேஸ் என்ற ஒன்றே கிடையாது. கீழே தரை இல்லாத பாட்டு.

பெர்லினின் டெக்னோ கலாச்சாரத்தை 2024 மார்ச்சில் ஜெர்மனி தன் தேசிய அருவக் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெர்லின் ஆட்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. பழைய வங்கிப் பெட்டக அறையில் 1991இல் தொடங்கிய டிரெசார் கிளப்பின் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டே டெட்ராய்ட் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் ஆட்களுடையதுதான். ஆனாலும் ‘மரபு’ என்று முத்திரை விழுந்தது பெர்லினில். 2022இல் டிஃபாரஸ்ட் பிரவுன் எழுதிய பெரிய புத்தகம் இந்தப் பெயர்மாற்றத்தைத்தான் கணக்கெடுக்கிறது. அது கோபத்தில் எழுதியது, சில இடங்களில் மூச்சு முட்டுகிறது. இருந்தாலும் டெக்னோ பற்றி இனி யாரும் அதைத் தாண்டாமல் பேச முடியாது.

ஆக எல்லாம் செத்துவிட்டதா என்றால், அப்படிச் சொல்லிவிட்டுப் போவது நம் விமர்சகர்களுக்குச் சுகமான வேலை. நான் அந்தச் சுகத்துக்கு ஆளில்லை. டெட்ராய்ட்டுக்கும் போனதில்லை, பெர்லினுக்கும் போனதில்லை, பதிவுகளைக் கொண்டு பேசுகிறேன். பதிவிலேயே போதுமானது கேட்கிறது. ஜெஃப் மில்ஸ் 909 டிரம் மெஷினைக் கையால் இயக்குவதை 2015இல் வந்த ‘எக்ஸிபிஷனிஸ்ட் 2’ படத்தில் பார்க்கலாம். சிம்பலை எடுக்கிறார், போடுகிறார், கிக் டிரம்மை நிறுத்தி நம்மைத் தவிக்கவிட்டு ஒரு சுற்றுத் தள்ளித் திருப்பிக் கொடுக்கிறார். மெஷினில் தவில் வாசிக்கிற மாதிரி என்று சொல்ல நாக்கு வருகிறது, வேண்டாம். அவர் எந்தக் கருவியையும் போலிசெய்யவில்லை. அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸில் அவரோடு இருந்த ராபர்ட் ஹூட், 1994இல் ‘மினிமல் நேஷன்’ என்ற தட்டில் டெக்னோவை எலும்பு வரை சுரண்டிக் காட்டியவர், பிறகு முறைப்படி கிறிஸ்தவப் போதகரானார். ‘ஃப்ளோர்பிளான்’ என்ற பெயரில் அவர் 2013இல் வெளியிட்ட ‘பாரடைஸ்’ தொகுப்பில் ‘நெவர் குரோ ஓல்டு’ என்ற பாட்டு, அரீத்தா ஃபிராங்க்ளின் தேவாலயத்தில் பாடிய குரலை வைத்துச் செய்தது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். ஹூட் செய்ததும் குரலை உருவும் காரியம்தானே? ஆமாம், உருவியதுதான். ஆனால் அவர் அந்தக் குரலை இசையின் மேல் ஊற்றவில்லை. ஒரு துண்டு, மறுபடி அதே துண்டு, அடியில் கருணையே இல்லாத தாளம், குரல் முழுவாக்கியம் சொல்லிவிட முடியாமல் முட்டிக்கொண்டே இருக்கிறது. பிரசங்கம் பண்ணத் தெரிந்தவருக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. குரல் அங்கே தாளமாகிறது, தாளம் குரலுக்காக ஏங்குகிறது. டெக்னோ என்பதா, சோல்ஃபுல் ஹவுஸ் என்பதா? கடைக்காரருக்கு எந்த அலமாரி என்று குழப்பம் வர வேண்டும். இப்போது மகள் லிரிக்கும் அவரும் சேர்ந்து இதைச் செய்கிறார்கள்.

மூடிமேன் 2020இல் வெளியிட்ட ‘டேக்கன் அவே’ இன்னொன்று. அதற்கு முந்தைய ஆண்டு தொடக்கத்தில் அவர் மீது போலீஸார் துப்பாக்கி நீட்டிய காட்சி இணையத்தில் வெளியாகியிருந்தது. தொகுப்பில் பழைய சோல் பாட்டின் நைந்த துண்டுகளுக்கு நடுவே சைரன் கேட்கிறது. காதல் பாட்டா, கைதுப் பாட்டா என்று தெரியாத அந்த அசௌகரியத்தை எந்த ஒலிக்கிடங்கிலும் வாங்க முடியாது. லாரி ஹேர்டும் 2018, 2022 ஆண்டுகளில் மிஸ்டர் ஃபிங்கர்ஸ் பெயரில் புதுத் தொகுப்புகள் கொண்டுவந்தார். அமைதியாக, யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத தொனியில். இரண்டாவதில் கொஞ்சம் மெத்தைத்தனம் தட்டுகிறது. அவருக்கு அந்த உரிமை உண்டு. ஹேர்டும் ராபர்ட் ஓவன்ஸும் தங்கள் ஆரம்பகாலப் பாட்டுகளின் உரிமைக்காக டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் மீது 2020இல் போட்ட வழக்கு 2022இல் சமரசமாகி, பாட்டுகள் அவர்களிடமே திரும்பின. பாட்டு வந்து முப்பத்தைந்து வருஷம் கழித்து.

தென்னாப்பிரிக்காவைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. அங்கே ஹவுஸ் வெறும் இறக்குமதி இல்லை, 1990களில் அதை மெதுவாக்கித்தான் க்வைட்டோ வந்தது. 2010களின் நடுவில் கவுடெங் மாகாணத்துக் கறுப்பர் குடியிருப்புகளிலிருந்து கிளம்பிய அமாபியானோ இன்று உலகம் முழுக்கக் கேட்கிறது. அதன் அடையாளமான ‘லாக் டிரம்’ என்கிற ஆழமான, மரத்தைத் தட்டுவது போன்ற பேஸ் ஒலி, எஃப்.எல். ஸ்டூடியோ என்ற மலிவான மென்பொருளுக்குள் யாரும் கவனிக்காமல் கிடந்த செயற்கை ஒலி ஒன்றைத் திருகிச் செய்தது. 303இன் கதை மறுபடியும். 112, 113 அடியில், அவசரமே இல்லாமல், பேஸ் எங்கே விழும் என்று எதிர்பார்க்க முடியாமல் ஓடும் அந்தப் பாட்டுகளில் தாளமும் துக்கமும் இன்னும் பிரியாமல் இருக்கின்றன. இதே தேசத்தின் பிளாக் காஃபி 2022இல் கிராமி வாங்கினார். அவரைப் பின்பற்றி உலகக் கடற்கரை விடுதிகளுக்காகத் தயாராகும் ‘ஆஃப்ரோ ஹவுஸ்’ சரக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. எந்த மொழி, எந்த ஊர் என்று தெரியாத ஒரு ஓலத்தை எடுத்து மேலே தூவிவிட்டால் ஆப்பிரிக்கா ஆகிவிடுகிறது. ஹோலோவே விஷயத்தில் பெயராவது தெரிந்து வழக்குப் போட முடிந்தது.

யாராவது எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று கேட்டால் தியோ பாரிஷ் 2022இல் ‘டி.ஜே. கிக்ஸ்’ வரிசைக்காகத் தொகுத்த ‘டெட்ராய்ட் ஃபார்வர்டு’ தட்டைச் சொல்வேன். அந்த வரிசையில் வழக்கமாக டி.ஜே.க்கள் தங்களுக்குப் பிடித்த பழைய அபூர்வங்களை அடுக்கிக் காட்டுவார்கள். பாரிஷ் தன் ஊர்க்காரர்களின் வெளிவராத புதுப் பாட்டுகளை மட்டும் வைத்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சிலது முடிக்காமல் விட்ட மாதிரி இருக்கிறது, சிலதில் டிரம் தகரம் மாதிரி அடிக்கிறது, பாடுகிறவர் இருவர் பாடகர்களே அல்ல போலிருக்கிறது. கைபேசி ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம், பாதி கேட்காது. கீழ் ஸ்வரங்கள் வரும் பெட்டியில், சமையலோ படிப்போ இல்லாத நேரத்தில், ஒரே மூச்சாக.